பத்தொன்பதாவது ஜோடி

"லிஸ்ட் அடிக்கிறது நீதானா பாப்பா?" என்று கேட்டார் வேன் டிரைவர் பழனிவேல்.

சிதம்பரத்தில் அந்த டிராவல்ஸ் ஆபீசில் நான் வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது நாள் அது. ஆமாம் என்றேன்.

"தமிழ்ல ஒண்ணு, இங்கிலீஷ்ல ஒண்ணா?"

"ரெண்டும் வேணும்னு சார் சொன்னாருண்ணே."

"வேணும் வேணும். ஒரு செக்போஸ்ட்ல தமிழ்ல குடும்பான், அடுத்த செக்போஸ்ட்ல இங்கிலீஷ்ல குடும்பான். ரெண்டையும் எவனும் படிக்கமாட்டான்."

அவரே சொல்லி அவரே சிரித்தார். நானும் ஏதாவது பேச வேண்டுமே என்று, "கிளம்பறப்போ இதை வச்சுத்தான் ஆளை எண்ணுவீங்களா?" என்றேன்.

"நான் ஆளை எண்ணமாட்டேன்."

"ஏண்ணே?"

"எங்க வூட்ல எண்ணமாட்டாங்க. எண்ணுனா கொறையும்."

"அப்போ எல்லாரும் வந்துட்டாங்கன்னு எப்படித் தெரியும்?"

"செருப்பை எண்ணுவேன்."

நான் சிரிக்கவில்லை. அது அவருக்குப் பிடித்திருக்க வேண்டும். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எங்கப்பாரு கடலுக்குப் போறப்போ செருப்பை மணல்ல வுட்டுட்டுப் போவாரு. போட்ல நாலு பேருன்னா மணல்ல நாலு ஜோடி. மத்தியானமா எங்கம்மா நடந்துபோய் பாக்கும். மணலு காலியா இருந்தா கரை வந்துட்டாங்க, உலை வைக்கலாம். செருப்பு நின்னுச்சுன்னா இன்னும் தண்ணில இருக்காங்க. அவ்ளோதான் கணக்கு. தலைய எண்ணுனா ஒரே ஆளை ரெண்டு தபா எண்ணிடுவ. செருப்பு நகராது பாரு."

"எப்பவாவது தப்பா போயிருக்காண்ணே?"

"இருவத்தாறு வருசமா வண்டி ஓட்றேன். ஒரு ஜோடிகூட மிச்சம் நின்னதில்ல."

இதைச் சொல்லும்போது மேஜையை விரலால் ஒரு தட்டு தட்டினார். அந்த விரல் தட்டு எனக்கு இன்றும் ஞாபகம் இருக்கிறது. அவரிடம் பெருமை என்று இருந்தது அந்த ஒன்றுதான்.

பழனிவேலுக்கு அப்போது ஐம்பத்து நான்கு வயது. கடலூருக்குத் தெற்கே கடற்கரை ஊர். பரம்பரையாக மீன் பிடிக்கும் குடும்பம். ஆனால் போட் நான்கு மைல் தாண்டினால் இவருக்கு வாந்தி வந்துவிடும். "மீன்காரன் வூட்டுப் புள்ள கடல்ல வாந்தி எடுத்தா ஊரு சும்மா இருக்குமா? எனக்குப் பேரே வேற வச்சிட்டானுங்க" என்பார். என்ன பேர் என்று மட்டும் சொன்னதில்லை. முதலில் ஐஸ் லாரியில் கிளீனர், பிறகு டிரைவர், பிறகு எங்கள் ஆபீசின் இருபது சீட்டு வேன். மனைவி குப்பு மீன் விற்கிறவர். வேனில் மீன் வாடை வரக்கூடாது என்பதற்காக இவருடைய காக்கிச் சட்டையைத் தனிக் கொடியில் காயப்போடுவார்.

குற்றாலம், ஒகேனக்கல், கொல்லிமலை, கல்வராயன் மலை என்று ஆயிரக்கணக்கான பேரை அருவிக்கு அழைத்துப் போனவர். ஒரு அருவியிலும் தலையை நனைத்ததில்லை. "எனக்கு உப்புத் தண்ணிதான் சரி. இந்தத் தண்ணி மேலேருந்து வருது. எங்கேருந்து வருதுன்னு கண்ணுக்குத் தெரியல" என்பார். அருவியில் இறங்கும் இடத்தில் வேன் படிக்கு அருகே ஒரு தார்ப்பாயை விரித்து, எல்லோரையும் செருப்பைக் கழற்றச் சொல்வார். பாசிப் பாறையில் செருப்போடு ஏறினால் வழுக்கும் என்பது அவர் சொல்லும் காரணம். ஆட்கள் போன பிறகு செருப்புகளை ஜோடி ஜோடியாகச் சேர்த்து, மூக்கு அருவியைப் பார்த்திருக்கும்படி அடுக்குவார். மழை வந்தால் மேலே இன்னொரு தார்ப்பாய். பிறகு கதவருகில் குந்தி உட்கார்ந்துவிடுவார். சாப்பாட்டுக்கும் நகரமாட்டார்.

நான் சேர்ந்த இரண்டாம் வருடம் ஐப்பசி கடைசியில் ஒரு கல்யாண வீட்டுப் பயணம் வந்தது. பெண் மதுரா, கடலூர் முதுநகர். மாப்பிள்ளை வினோத்குமார், சிதம்பரம். கல்யாணம் முடிந்து ஒன்பது நாள். இரண்டு வீட்டாரும் சேர்ந்து கல்வராயன் மலையில் ஒரு அருவியைப் பார்க்கப் போவதாக ஏற்பாடு. மொத்தம் பதினேழு பேர். மலையில் செக்போஸ்ட் கெடுபிடி ஜாஸ்தியாக இருந்த நேரம். ஆபீஸ் சார்பில் நீயும் போய் வா என்று முதலாளி அம்பலம் சொன்னார். லிஸ்டில் பதினெட்டாவதாக என் பெயரை நானே அடித்துக்கொண்டேன். தமிழில் ஒன்று, இங்கிலீஷில் ஒன்று.

விடியற்காலை கடலூரில் பெண் வீட்டாரை ஏற்றிக்கொண்டு, சிதம்பரத்தில் மாப்பிள்ளை வீட்டாரையும் என்னையும் ஏற்றினார் பழனிவேல். புவனகிரி தாண்டுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. வெள்ளாறு கரையைத் தொட்டு ஓடியது.

"சம்பந்தியம்மா, உங்க ஊர்ல கல்யாணம் பண்ணா மழை, கறி விருந்து வச்சா மழை. அருவிக்குப் போனாலும் மழைதானா?" என்றார் மணிவண்ணன். பெண்ணின் தாய்மாமன் அவர்.

"எங்க ஊரைச் சொல்லாதீங்க. உங்க பொண்ணு சின்ன வயசுல பச்சரிசி தின்னிருக்கும். அதான் விடாம பெய்யுது" என்றார் மாப்பிள்ளையின் அம்மா சிவகாமு.

"தின்னுச்சுதான். மூட்டையையே காலி பண்ணுச்சு."

"மாமா!" என்று மதுரா கத்தினாள். வேனே சிரித்தது.

சேத்தியாத்தோப்பில் டீக்கடை ஓரம் வண்டியை நிறுத்தினார். பழனிவேல் தவிர எல்லோரும் இறங்கிக் குடைக்குள் நெருக்கியடித்து டீ குடித்தோம். யாரோ போட்டோ எடுத்தார்கள். மழை வலுக்கவும் ஓடிவந்து ஏறினோம். நான் கடைசி வரிசையில் இடது ஜன்னல். வலது ஜன்னலோரம் ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தார். நனைந்த சேலைத் தலைப்பைத் தலைக்கு மேல் போட்டிருந்தார். இரண்டு முறை சின்னதாக இருமினார். ஒரு இருமல், கொஞ்சம் நிறுத்தி இன்னொரு இருமல்.

"நீ யாரு வூட்டுப் பொண்ணு?" என்று என்னைக் கேட்டார்.

"நான் ஆபீஸ்லேருந்து வரேம்மா."

"அப்படியா. நல்லா இரு" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நீங்கள் யார் வீடு என்று நான் திருப்பிக் கேட்கவில்லை. எனக்கு அது பழக்கமில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதோடு என் பேச்சு முடிந்துவிடும்.

கள்ளக்குறிச்சிக்குச் சற்று முன் வண்டியிலேயே இட்லிப் பொட்டலம் பிரித்தார்கள். சிவகாமு முதல் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு ஆடி ஆடிக் கடைசி வரிசைக்கு வந்து, அந்த அம்மாளிடம் கொடுத்து, "இன்னும் ரெண்டு வச்சுக்குங்க, கூச்சப்படாதீங்க" என்று வற்புறுத்தினார். கொஞ்ச நேரத்தில் மணிவண்ணன் தன் துண்டை எடுத்து நீட்டி, "தலைய தொவட்டுங்கம்மா, சளி புடிச்சுக்கும்" என்றார். அந்த அம்மாள் துண்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். துவட்டவில்லை.

செக்போஸ்டில் லிஸ்டைக் கேட்டார்கள். பழனிவேல் சொன்னபடியே யாரும் படிக்கவில்லை. "தரைப்பாலத்து மேல தண்ணி ஏறிட்டே இருக்கு. நாலு மணிக்குள்ள இறங்கிடணும். உங்களுக்கப்புறம் வேற வண்டிய வுடமாட்டோம்" என்று சொல்லி எங்களை விட்டுவிட்டு, பின்னாலேயே கம்பை இறக்கிவிட்டார்கள்.

அருவி இருக்கும் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டு. ஆனால் பொழுது சாய்ந்த மாதிரி இருட்டு. வேறு ஒரு வண்டிகூட இல்லை. கடைகள் சாக்குப் படுதாவை இறக்கிவிட்டிருந்தன. எல்லோரும் செருப்பைத் தார்ப்பாயில் கழற்றிவிட்டு ஏறினோம். நான் திரும்பிப் பார்த்தேன். பழனிவேல் குனிந்து ஜோடி சேர்த்துக்கொண்டிருந்தார்.

பத்து நிமிட ஏற்றம். சத்தம்தான் முதலில் வந்தது. அது காதில் விழவில்லை; நெஞ்சுக்குள்ளிருந்து கிளம்பியது. பாறை வளைவைத் தாண்டியதும் எல்லோரும் நின்றுவிட்டோம். வெயில் நாளில் மூன்று வெள்ளைக் கயிறு போல் தொங்கும் அருவி என்று போட்டோவில் பார்த்திருக்கிறேன். அன்று கயிறு இல்லை, பாறையும் இல்லை. மலையே பழுப்பாகக் கரைந்து இறங்கிக்கொண்டிருந்தது. மேலிருந்து ஒரு முழு மரம் வந்து, நடுவில் காணாமல் போய், கீழே வரவே இல்லை. மழை எது, சாரல் எது என்று பிரிக்க முடியவில்லை. கையை நீட்டினால் விரல்கள் மங்கின. காவலுக்கு இருந்த வாட்சர் குறுக்கே கயிறு கட்டி, இதற்கு அப்பால் வராதே என்று சைகை காட்டினார். அவர் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. சாரல் திரண்டு வரும்போதெல்லாம் பக்கத்தில் நின்றவர்கள் மறைந்து, விலகியதும் வேறு வேறு இடத்தில் நின்றார்கள். சிரித்துக்கொண்டே வந்தவர்கள் அரை மணிக்குள் தாமாகவே இறங்கத் தொடங்கிவிட்டோம்.

கீழே வந்து ஒவ்வொருவராகச் செருப்பை மாட்டிக்கொண்டு வேனில் ஏறினார்கள். கடைசியாக நான் ஏறினேன். பழனிவேல் ஏறவில்லை.

"ஒரு ஜோடி நிக்குது" என்றார்.

நீல ரப்பர் செருப்பு. குதிகால் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது. இடது கால் வாரில் ஒரு ஊக்கு குத்தியிருந்தது.

"எல்லாரும் வந்தாச்சுண்ணே. எடுங்க வண்டிய" என்றான் வினோத்குமார்.

"போறப்போ பத்தொம்பது ஜோடி வச்சேன். பதினெட்டு போயிருக்கு."

"முன்னாடி வந்தவங்க யாராவது வுட்டுட்டுப் போயிருப்பாங்க."

"என் தார்ப்பாய்லயா?"

அப்போதுதான் நான் என் வரிசையைப் பார்த்தேன். வலது ஜன்னல் சீட்டில் மணிவண்ணனின் துண்டு மடித்தபடி இருந்தது. சீட்டு ஈரமாக இருந்தது.

"இங்க ஒரு அம்மா இருந்தாங்களே" என்றேன்.

"ஆமா, உங்க அத்தை எங்க?" என்று சிவகாமு மணிவண்ணனைக் கேட்டார்.

"எங்க அத்தையா? அவங்க உங்க வீட்டுப் பெரியம்மா இல்ல?"

"எங்க வீட்ல ஏது பெரியம்மா? நான் உங்க பக்கம்னு நெனச்சுத்தானே இட்லி குடுத்தேன்."

"நான் உங்க பக்கம்னுதான் துண்டு குடுத்தேன். கல்யாணத்துல யாரையோ கவனிக்கலைன்னு ஏற்கெனவே ஒரு பேச்சு வந்துச்சே, மறுபடி வரக்கூடாதேன்னு..."

அவர் முடிக்கவில்லை. ஒன்பது நாள் சம்பந்திகள். அந்தப் பக்கத்து ஆளைப் பார்த்து நீங்க யார் என்று கேட்பது மரியாதைக் குறைவு என்று பதினேழு பேரும் நினைத்திருந்தார்கள்.

எங்கே ஏறினார் என்று கேட்டால் ஒருவர் சேத்தியாத்தோப்பு என்றார், ஒருவர் சிதம்பரத்திலேயே இருந்தார் என்றார். மதுரா அழ ஆரம்பித்தாள். "கடலூர்லயே அந்த சீட்ல யாரோ இருந்தாங்க" என்றாள்.

வாட்சர் ஓடிவந்து பாலத்தில் தண்ணீர் ஏறிவிட்டது என்று கத்தினார். மணிவண்ணன் என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, லிஸ்ட்ல எத்தினி பேரு?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பழனிவேலும் பார்த்தார்.

"பதினெட்டு" என்றேன்.

"பதினெட்டும் இருக்கு. பொம்பளைங்க, புள்ளைங்க இருக்காங்க. பாலம் முழுகிடுச்சுன்னா ராத்திரி பூரா இங்கதான். எடுப்பா வண்டிய."

"நான் எறக்கிவுட்டது பத்தொம்பது" என்று சொல்லிவிட்டு, பழனிவேல் மழையில் மேலே ஏறத் தொடங்கினார். என்ன நினைத்தேனோ தெரியாது, குடையை எடுத்துக்கொண்டு நானும் பின்னால் போனேன்.

கயிறு கட்டிய இடத்தில் நின்றோம். அருவி இன்னும் பெருத்திருந்தது. வாட்சர் நின்ற பாறையையே தண்ணீர் மூடியிருந்தது. பழனிவேல் இரண்டு கையையும் வாயில் குவித்தார். ஆனால் கூப்பிடவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"என்னான்னு கூப்பிடறது பாப்பா?"

நான் குடையை அவர் தலைக்கு மேல் பிடித்தேன்.

"அம்மோவ்!" என்றார். "பாட்டியம்மா!" என்றார். "சேத்தியாத்தோப்பு அம்மா!" என்றார். பிறகு இரண்டு விரலை நாக்கடியில் வைத்து, கரையிலிருந்து போட்டைக் கூப்பிடும் சீட்டி ஒன்று அடித்தார். அது ஒன்றுதான் அந்தச் சத்தத்தைக் கிழித்துக்கொண்டு போனது. போய், எதிலும் மோதாமல் நின்றுவிட்டது.

அப்போது கேட்டது. எங்கள் இடது பக்கம், மிக அருகில். ஒரு இருமல். கொஞ்சம் நிறுத்தி இன்னொரு இருமல்.

இடது பக்கம் பாறை இல்லை, பாதை இல்லை. தண்ணீர் விழும் வெளிதான் இருந்தது.

பழனிவேல் அசையாமல் நின்றார். "கேட்டுச்சா?" என்றார்.

கேட்டது. அங்கிருந்து போய்விட வேண்டும் என்பது தவிர வேறு எதுவும் தோன்றவில்லை.

"தண்ணிச் சத்தம்ணே" என்றேன்.

அவர் என் முகத்தையே பார்த்தார். "சரி" என்றார். இறங்கினோம்.

செருப்பை எடுத்து, ஈரத்தை உதறாமல், கடைசி வரிசையில் வலது ஜன்னல் சீட்டுக்குக் கீழே ஜோடியாக வைத்தார். நான் முன் சீட்டுக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன். தரைப்பாலத்தில் தண்ணீர் டயரில் பாதி ஏறியிருந்தது. கடைசி வரிசை காலியாகவே வந்தது.

மலையடிவாரத்துப் போலீஸ் ஸ்டேஷனில் வண்டியை நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னார். பேர் என்ன, ஊர் என்ன, வயது என்ன என்று கேட்டார்கள். பதினெட்டு பேரும் பதினெட்டு விதமாகச் சொன்னோம். அரக்குச் சேலை, பச்சைச் சேலை. நாற்பத்தைந்து வயது, எழுபது வயது. நெற்றியில் பொட்டு இருந்தது, இல்லை. எல்லோரும் ஒத்துக்கொண்டது செருப்பை மட்டும்தான். அதை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். பெயர் தெரியாத பெண் என்றுதான் எழுத முடிந்தது.

தேடினார்கள். மழை விட்ட நான்காம் நாள் பழனிவேலும் லீவு போட்டுவிட்டு, பஸ் மாறி மாறித் தனியாகப் போய்ப் பார்த்து வந்தார். அருவி மறுபடி மூன்று கயிறாகத் தொங்கியதாம். கீழே மடுவில் அந்த மரம் கிடந்ததாம். வேறு ஒன்றும் இல்லை. நான் தினமும் தமிழ்ப் பேப்பரையும் இங்கிலீஷ் பேப்பரையும் காணவில்லை விளம்பரம் வரை படித்தேன். நீல ரப்பர் செருப்பு அணிந்த பெண்ணை யாரும் எங்கும் தேடவில்லை. டீக்கடைப் போட்டோவை மதுரா எனக்கு அனுப்பினாள். பதினேழு முகங்கள். எடுத்தது யார் என்று கேட்டேன், வினோத்குமார் என்றாள். அப்படியானால் என்னோடு சேர்த்து பதினேழு சரி. ஆனால் ஓரத்தில் சாய்ந்த குடைக்குக் கீழே, டீ டம்ளரைப் பிடித்தபடி இன்னொரு கை இருக்கிறது.

ஒருநாள் குப்பு ஆபீசுக்கு வந்தார். "அந்தச் செருப்பை வூட்ல வைக்காதன்னு சொல்லிட்டேன் கண்ணு. வண்டிலயே வச்சிக்குது. தூக்கிப் போடுன்னா, எறக்கிவுட்ட ஆளை ஏத்தாம எப்படிப் போடறதுங்குது. நீயாவது சொல்லு" என்றார். நான் சொல்லவில்லை.

இப்போதும் அவர்தான் அந்த வேனை ஓட்டுகிறார். அருவி, அணை, படகுத்துறை எங்கே போனாலும் தார்ப்பாயில் எல்லோர் செருப்புக்கும் கடைசியில் அந்த நீலச் செருப்பை வைக்கிறார். எல்லோரும் ஏறிய பிறகு அதை எடுத்துச் சீட்டுக்கடியில் வைக்கிறார். வெயில் நாளிலும் சில சமயம் அது ஈரமாக இருக்கும். வண்டியில் எங்கோ ஒழுகுகிறது என்பார். நான் அந்த வண்டியின் கூரையை ஏணி போட்டு ஏறிப் பார்த்திருக்கிறேன். ஒழுகல் இல்லை. இருபத்தாறு வருடம் என்று மேஜையைத் தட்டிச் சொன்ன பேச்சை மட்டும் அவர் அப்புறம் யாரிடமும் சொன்னதில்லை. அருவியில் என்ன கேட்டது என்று நானும் அவரிடம் திருத்திச் சொன்னதில்லை. ஆனால் அவருக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். ஏனென்றால், அந்தப் பயணம் முடிந்த பத்தாம் நாள், பிச்சாவரம் போகும் டீச்சர்கள் லிஸ்டை நான் நீட்டியபோது, அவர் அதை வாங்கவில்லை.

"பாப்பா, ஒண்ணு கேட்டா செய்வியா?" என்றார். "இனிமே எந்த லிஸ்ட் அடிச்சாலும் கடைசியில ஒரு நம்பர் கூடப் போடு. பேரு வேணாம், கோடு மட்டும் வுடு. எவனாவது லிஸ்ட்ல எத்தினி பேருன்னு கேட்டா அந்தக் கோட்டையும் சேத்துச் சொல்லு. தமிழ்லயும் வுடு, இங்கிலீஷ்லயும் வுடு. அவுங்க எந்த ஊரோ, எந்த பாஷையோ, நமக்கென்னா தெரியும்."